அந்தமானில் எம்.பி.பி.எஸ்.: இணையம் வந்துவிட்டது, 'தானாகக் கற்பது' மட்டும் ஏன் இன்னும் கடினம்?

2020 ஆகஸ்ட் 10. சென்னையிலிருந்து வங்கக்கடலுக்கு அடியில் போடப்பட்ட இணைய கேபிள் அன்றுதான் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 2,300 கி.மீ. நீளம், சுமார் 1,224 கோடி ரூபாய் செலவு. சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைத்ததோடு நிற்காமல் லிட்டில் அந்தமான், கார் நிகோபார், காமோர்ட்டா, கிரேட் நிகோபார் வரைக்கும் அது போனது.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2015-இல், போர்ட் பிளேரில் தீவுகளின் முதல் மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்தது. பெயர் அந்தமான் நிகோபார் தீவுகள் மருத்துவ அறிவியல் நிறுவனம், சுருக்கமாக 'அனிம்ஸ்'. ஆரம்பத்தில் 100 இடங்கள். புதுச்சேரி பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மாணவர்கள் நோயாளிகளைப் பார்த்துப் பழகுவது ஜி.பி. பந்த் மருத்துவமனையில். (2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றப்பட்டது.)

அதாவது, முதல் பேட்ச் மாணவர்கள் தங்கள் படிப்பின் பெரும்பகுதியை கேபிள் வருவதற்கு முன்பே முடித்துவிட்டார்கள். அவர்களுக்குப் பாடப் பொருள் கிடைப்பதே சிரமம். இன்றைய மாணவருக்கு நிலைமை தலைகீழ்: வீடியோ வகுப்பு, கேள்வி வங்கி, டெலிகிராம் நோட்ஸ் எல்லாமே கையில். அப்படியானால் தானாகப் படிப்பது எளிதாகியிருக்க வேண்டும், இல்லையா?

அப்படி ஆகவில்லை என்பதுதான் மருத்துவக் கல்வி பற்றிய ஆய்வுகளிலிருந்து கிடைக்கும் பாடம். இது அந்தமானுக்கு மட்டுமான பிரச்சினையும் கிடையாது. ஆனால் அந்தமானில் இதன் விலை அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில், 'சுய ஒழுங்குக் கற்றல்' என்றால் என்ன?

பேர்தான் பெரிசு, விஷயம் எளிது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பேரி ஜிம்மர்மேன் இதை மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு சுழற்சியாக விளக்கினார்.

முதல் கட்டம், திட்டம். 'இன்று என்ன படிக்கப் போகிறேன், எதுவரை, எப்படி?'

இரண்டாவது, செயல். படிக்கும்போதே தன்னைக் கவனிப்பது. 'புரிகிறதா, இல்லை கண் மட்டும்தான் ஓடுகிறதா?'

மூன்றாவது, திரும்பிப் பார்ப்பது. 'எங்கே தவறினேன்? அடுத்த முறை எதை மாற்றணும்?'

மூன்றாவது கட்டத்தில் கிடைத்த பதில் மறுபடி முதல் கட்டத்துக்குப் போக வேண்டும். அப்போதுதான் சுழற்சி முழுமையாகும்.

நீங்கள் ஐ.டி.யிலோ வங்கியிலோ வேலை பார்ப்பவராக இருந்தால் இது உங்களுக்கும் புதிதல்ல. ஆர்வமாகக் காசு கட்டிச் சேர்ந்து, 20 சதவீதத்தில் நின்றுபோன ஆன்லைன் கோர்ஸ் ஒன்றாவது நம் எல்லோரிடமும் இருக்கும். அங்கே வீடியோவுக்குக் குறைச்சலே இல்லை. சுழற்சிதான் அறுந்துபோயிருக்கும்.

மருத்துவத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 22 வயதில் படித்த மருந்தை வைத்து 55 வயதுவரை வைத்தியம் பார்க்க முடியாது. மருந்துகள் மாறும், சிகிச்சை நெறிமுறைகள் மாறும். கல்லூரி முடிந்ததும் பாடத்திட்டம் என்று ஒன்று இருக்காது. டாக்டர் தனக்குத்தானே ஆசிரியராக வேண்டும்.

விதிகள் என்ன சொல்கின்றன?

இதை நம் ஒழுங்குமுறை அமைப்புகள் உணராமல் இல்லை. 2019-இல் எம்.பி.பி.எஸ். படிப்பு 'திறன் அடிப்படையிலான பாடத்திட்ட'த்துக்கு மாறியது. இந்திய மருத்துவப் பட்டதாரிக்கு ஐந்து பாத்திரங்கள் வரையறுக்கப்பட்டன: சிகிச்சை தருபவர், குழுவின் தலைவரும் உறுப்பினரும், தொடர்பாளர், வாழ்நாள் முழுக்கக் கற்பவர், தொழில் நெறி கொண்டவர். ஐந்தில் ஒன்று முழுக்க முழுக்கக் கற்றல் பற்றியது.

மேலும், விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றார்கள். 'சுயமாகக் கற்றல்' என்று தனி மணிநேரமும் ஒதுக்கினார்கள்.

எவ்வளவு ஒதுக்கினார்கள்? 2019 விதிகளின் அட்டவணையில் முதலாண்டுப் பாடங்கள் இப்படி இருந்தன:

உடற்கூறியல்: மொத்தம் 675 மணி நேரம், அதில் சுயமாகக் கற்க 40.
உடலியங்கியல்: மொத்தம் 495, சுயமாகக் கற்க 25.
உயிர்வேதியியல்: மொத்தம் 250, சுயமாகக் கற்க 20.

கூட்டினால் 1,420 மணி நேரத்தில் 85. கிட்டத்தட்ட 6 சதவீதம். வாரத்துக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். இரண்டாம் கட்டத்தில் நோயியல், மருந்தியல், நுண்ணுயிரியல் மூன்றையும் சேர்த்தால் 650 மணி நேரத்தில் 34, அதாவது 5 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். அட்டவணை பின்னர் திருத்தப்பட்டது. ஆனாலும் புதிய பாடத்திட்டம் எந்த விகிதத்தோடு ஆரம்பித்தது என்பதை இந்த முதல் வடிவம் காட்டுகிறது.

'மீதி நேரத்தில் ஹாஸ்டலில் படிக்கலாமே' என்று கேட்கலாம். படிக்கலாம். ஆனால் விதிகளில் இந்த மணிநேரம் ஒதுக்கப்பட்டதன் நோக்கமே, தானாகக் கற்பதை ஒரு திறனாகப் பயிற்றுவிப்பது. நீச்சல் தெரியாதவரை வாரம் ஒருமுறை குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய் 'மீதியை நீங்களே பார்த்துக்கோங்க' என்றால் என்ன ஆகும்? இங்கே அதுதான் நடக்கிறது.

தடை 1: நேரம் மாணவர் கையில் இல்லை

எழுத்துத் தேர்வுக்கு உட்கார 75 சதவீத வருகை வேண்டும், செய்முறைக்கு 80 சதவீதம். முதலாண்டுத் தேர்வை அதிகபட்சம் நான்கு முயற்சிகளில் முடித்தாக வேண்டும். வருகைப் பதிவு, லாக் புக், உள்மதிப்பீடு என்று மாணவரின் ஒவ்வொரு நாளும் வெளியிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கு. வகுப்புக்கு வராமலே டாக்டர் ஆவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் எல்லா முடிவையும் வேறொருவர் எடுக்கும் இடத்தில் முடிவெடுக்கும் பழக்கம் வளராது. 'இன்று எனக்கு எது தெரியவில்லை' என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. 'இன்று எதற்குக் கையெழுத்து வாங்கணும்' என்பதுதான் கேள்வி.

அட்டவணையில் போடப்படும் சுயகற்றல் நேரமும் பல இடங்களில் இன்னொரு வகுப்பாகவே முடிந்துவிடுகிறது. ஆசிரியர் தலைப்பைக் கொடுப்பார், நான்கு பேர் ஸ்லைடு போடுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தலைப்பு யாருடையது, இலக்கு யாருடையது, சரிபார்ப்பது யார்? எதுவும் மாணவருடையது இல்லை.

தடை 2: நமக்கு எவ்வளவு தெரியும் என்பது நமக்கே தெரியாது

தானாகக் கற்பவர் தன்னைச் சரியாக எடைபோட வேண்டும். மனிதர்கள் இதில் மோசம். டாக்டர்களும் விதிவிலக்கில்லை.

2006-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் டேவிட் டேவிஸ் குழுவினர் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். டாக்டர்கள் தங்கள் திறனுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணை வெளிப்புற மதிப்பீட்டோடு ஒப்பிட்டார்கள். மொத்தம் 20 ஒப்பீடுகள். அதில் 13-இல் இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை, அல்லது தலைகீழ். மிகவும் திறன் குறைந்தவர்களிடமும், மிகவும் தன்னம்பிக்கை உள்ளவர்களிடமும்தான் இந்தப் பிசகு மோசமாக இருந்தது.

படிக்கும் முறையிலும் இதே கதை. அதே 2006-இல் ரோடிகர், கார்பிகி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களை ஒரு பத்தியைப் படிக்க வைத்தார்கள். சிலர் மறுபடி படித்தார்கள். சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னே: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து? மறுபடி படித்தவர்கள் 42-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள்.

சரி, மாணவர்கள் உண்மையில் எப்படிப் படிக்கிறார்கள்? கார்பிகி குழுவினர் 2009-இல் 177 கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். மறுபடி படிப்போம் என்றவர்கள் சுமார் 84 சதவீதம். தன்னைத்தானே சோதித்துப் பார்ப்போம் என்றவர்கள் 11 சதவீதம்தான்.

ஏன்? மறுபடி படித்தால் 'தெரிந்த மாதிரி' இருக்கும், மனசுக்கு இதமாக இருக்கும். சோதித்துப் பார்த்தால் தெரியாதது வெளியே வந்துவிடும். 1.75 மடங்கு வேகத்தில் ஓடும் வீடியோவும் அதே 'தெரிந்த மாதிரி' உணர்வைத் தருகிறது. கேபிள் வழியாக வந்த பாடங்கள் இந்தப் பிசகைச் சரிசெய்வதில்லை. சில நேரம் அதிகமாக்கும்.

தடை 3: தேர்வு வேறு பக்கம் இழுக்கிறது

பாடத்திட்டம் 'வாழ்நாள் கற்பவர்' வேண்டும் என்கிறது. மாணவர் கண்ணில் தெரிவது நீட் பி.ஜி. 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 63 விநாடி.

63 விநாடியில் விடை சொல்ல வேண்டுமென்றால் சந்தேகப்பட நேரமில்லை, அடையாளம் கண்டுபிடித்துவிட்டால் போதும். அதனால் முதலாண்டிலேயே கோச்சிங் செயலிக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்தச் செயலி அன்றைய பாடத்தையும் திருப்புதல் தேதியையும் தானே முடிவு செய்துவிடும். கல்லூரி அட்டவணையிலிருந்து செயலி அட்டவணைக்கு மாறுவது மாணவருக்குச் சுதந்திரம் மாதிரி தோன்றலாம். ஆனால் திட்டமிடுவது இன்னும் வேறொருவர்தான்.

மாணவர்கள் மீது பழிபோட முடியாது. விதி எந்தப் பக்கம் போகிறது என்பதே தெளிவாக இல்லை. எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வு, உரிமத் தேர்வு, முதுநிலை நுழைவு மூன்றுக்கும் சேர்த்து 'நெக்ஸ்ட்' என ஒரே தேர்வு வரும் என்றார்கள். 2019 பேட்ச் அதற்குத் தயாரானது. 2023 ஜூலை 28-க்கு மாதிரித் தேர்வும் குறிக்கப்பட்டது. அது நடக்கும் முன்பே, அதே மாதம், திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இலக்கே நகர்ந்துகொண்டிருந்தால் எதை வைத்துத் திட்டம் போடுவது?

தடை 4: மனம் களைத்தால் திட்டமும் களைக்கும்

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழுவின் அறிக்கை 2024-இல் வந்தது. ஆன்லைன் ஆய்வில் பங்கேற்ற இளநிலை மாணவர்கள் 25,590 பேர். அவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் என்பதால், இதை நாட்டின் எல்லா மாணவர்களுக்குமான விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நாலில் ஒருவருக்கும் மேல் என்பது ஒதுக்கிவிடக்கூடிய எண்ணும் இல்லை.

இதற்கும் கற்றலுக்கும் என்ன சம்பந்தம்? திட்டமிடுவது, கவனத்தைப் பிடித்து வைப்பது, தவறை நிதானமாகப் பார்ப்பது: சோர்விலும் பதற்றத்திலும் முதலில் கைவிட்டுப்போவது இவைதான். தோல்வியை 'இந்த முறை சரியில்லை' என்று பார்ப்பவர் முறையை மாற்றுவார். 'நானே சரியில்லை' என்று பார்ப்பவர் புத்தகத்தை மூடுவார். மதிப்பெண் மட்டும் வந்து, எங்கே தவறு என்ற குறிப்பு வராத இடத்தில் இரண்டாவது வகைதான் பெருகும்.

மொழியும் இதில் சேரும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு, தமிழ்வழியில் படித்தவர்களும் மருத்துவக் கல்லூரிக்குள் வருகிறார்கள். ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கத்துக்கு ஒருவருக்குப் பத்து நிமிடம், இன்னொருவருக்கு அரை மணி நேரம் ஆகிறதென்றால், இருவருக்கும் ஒரே சுயகற்றல் நேரம் கொடுப்பது சமமான ஏற்பாடு ஆகாது.

தீவில் என்ன வித்தியாசம்?

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். சென்னையில் ஒரு பகுதி அளவுகூட இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த மக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிய தீவுகளில் வாழ்கிறார்கள். அவர்களில் சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். இவர்கள் எல்லோருக்கும் கடைசிப் பரிந்துரை மருத்துவமனை ஜி.பி. பந்த். அதைத் தாண்டினால் விமானம், அல்லது சென்னைக்குச் சுமார் மூன்று நாள் கப்பல்.

காமோர்ட்டாவிலோ கேம்பல் பேயிலோ பணியில் இருக்கும் ஓர் இளம் டாக்டரை நினைத்துப் பாருங்கள். பக்கத்து அறையில் சீனியர் இல்லை. கடல் கொந்தளித்தால் படகு இல்லை, வானிலை கெட்டால் ஹெலிகாப்டர் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 'இது எனக்குத் தெரியாது' என்று உணர்வது ஒன்று. 'இதை எங்கே, எப்படி, எவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொள்வது' என்பது இன்னொன்று. இரண்டாவதுக்கு கேபிள் உதவும். முதலாவதுக்கு உதவாது.

இன்னொரு வித்தியாசம், சீனியர்கள். எந்தப் புத்தகம், எந்த வரிசை, எந்த வார்டில் யாரிடம் கேட்டால் சொல்லித் தருவார்கள் என்பதெல்லாம் மருத்துவக் கல்லூரிகளில் வாய்வழியாகவே கைமாறும். சென்னை மருத்துவக் கல்லூரிக்கு அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான மரபு உண்டு. அனிம்ஸின் முதல் பேட்ச்சுக்கு சீனியர் என்று ஒருவர்கூட இல்லை. 2022 ஜனவரியில் விருதுநகர், அரியலூர், ராமநாதபுரம் உட்படத் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் இதே நிலைதான். நாட்டில் 2014-க்கு முன் 387 ஆக இருந்த மருத்துவக் கல்லூரிகள் பத்தே ஆண்டில் 780 ஆகிவிட்டன. ஆகவே அந்தமானின் கேள்வி இன்று பாதி இந்தியாவின் கேள்வி.

மூன்றாவது, பின்தொடர்தல். தான் பார்த்த நோயாளிக்குப் பிறகு என்ன ஆனது என்று தெரிந்தால்தான் ஒரு மாணவர் தன் கணிப்பைச் சரிபார்க்க முடியும். குணமாகிப் படகேறி வேறு தீவுக்குப் போய்விட்டவர் அடுத்த வாரம் அதே வார்டுக்கு வர மாட்டார். சுழற்சியின் மூன்றாவது கட்டம் அங்கேயே அறுந்துவிடும்.

என்ன செய்யலாம்?

இதற்கு இன்னொரு கேபிள் தேவையில்லை. பெரும்பாலானவை செலவு குறைந்தவை.

ஒன்று, சுயகற்றல் நேரத்தில் தலைப்பை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். 'இந்த வாரம் வார்டில் எனக்குப் புரியாமல் போன ஒரு விஷயம்' என்று ஒரு வரி எழுதி ஆரம்பிக்கட்டும். ஆசிரியர் பார்க்க வேண்டியது ஸ்லைடை அல்ல, அந்த ஒரு வரியையும் அதற்கு மாணவர் பதில் தேடிய வழியையும்தான்.

இரண்டு, மதிப்பெண் இல்லாத சிறு தேர்வுகளை அடிக்கடி வையுங்கள். விடை எழுதும் முன் 'எனக்கு எத்தனை வரும்' என்று மாணவர் ஊகிக்கட்டும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளிதான் அன்றைய பாடம். சுயமதிப்பீடு தானாக வராது என்கிறது 'ஜாமா' ஆய்வு. வெளியிலிருந்து வரும் அளவுகோலோடு அடிக்கடி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அது பழகும்.

மூன்று, விடைத்தாளோடு ஒரு குறிப்பும் போகட்டும். 'இங்கே தவறு, இதைப் பார்' என்ற இரண்டு வரி போதும்.

நான்கு, கேபிளை வீடியோ பார்க்க மட்டும் பயன்படுத்த வேண்டாம். மாணவர் பார்த்த நோயாளியைப் பற்றிக் கார் நிகோபார் மருத்துவமனை டாக்டரோடு மாதம் ஒருமுறை காணொளியில் பேசினால், அறுந்த மூன்றாவது கட்டம் ஒட்டும்.

ஐந்து, சீனியர் மரபு தானாக வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இறுதியாண்டு மாணவர் முதலாண்டு மாணவருக்குப் 'பாடம்' சொல்லாமல், 'நான் எப்படிப் படித்துத் தவறினேன், எதை மாற்றினேன்' என்று சொல்லும் மணிநேரம் ஒன்றை அட்டவணையிலேயே வைக்கலாம்.

இதில் எதுவும் தேர்வு முறையின் இழுப்பை முழுதாக மாற்றாது. 63 விநாடிக் கேள்விகள் இருக்கும்வரை அதற்கான படிப்பும் இருக்கும். அந்த மாற்றம் டெல்லியில் வர வேண்டும். ஆனால் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பது கல்லூரி கையில்தான் இருக்கிறது.

'இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒழுங்கு இல்லை, எப்பவும் போன்தான்' என்று சொல்வது சுலபம். அடுத்த முறை அதைக் கேட்கும்போது இந்த எண்ணைக் கேட்டவரிடம் சொல்லுங்கள்: 1,420 மணி நேரத்தில் 85. மீதி 1,335 மணி நேரமும் என்ன படிப்பது, எப்போது படிப்பது என்று முடிவு செய்தது அந்தப் பசங்க இல்லை.